தலைவலிக்கு நெர்வ் பிளாக் போடப் போறீங்களா? ஊசியில ஸ்டீராய்டு சேர்க்கணுமா வேணாமான்னு டாக்டர்கூட பேசி முடிவு பண்றது எப்படி

பின்னந்தலையில நரம்பை மரத்துப்போக வைக்குற ஊசி, அதாவது நெர்வ் பிளாக், போட்டுப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னதும் பாதிப்பேர் "ஐயோ ஸ்டீராய்டா, வேணாம்"னு பதறுவாங்க, மீதிப்பேர் உள்ள எதுவும் கேக்காம தலையாட்டிட்டு வெளிய வந்து எங்ககிட்ட "சிஸ்டர், ஸ்டீராய்டு சேர்த்துத்தானே போடுறாங்க, வெறும் மரப்பு ஊசி போட்டு காசு வாங்கிடப் போறாங்க"ன்னு கேப்பாங்க. பெயின் கிளினிக்ல வேலை பாக்குறதால இந்த ரெண்டு பேச்சும் எனக்குத் தினப்படி. ஸ்டீராய்டு விஷமும் இல்ல, ஊசிக்கு பவர் ஏத்துற மருந்தும் இல்ல. உங்களுக்கு வந்திருக்குறது எந்தத் தலைவலிங்குறதுதான் இதைத் தீர்மானிக்கணும், அதனால ஊசி ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி நீங்க என்ன தெரிஞ்சுக்கணும், என்ன கேக்கணும், போட்டுட்டு வந்தப்புறம் எதைக் கவனிக்கணும்னு வரிசையா எழுதுறேன். இது நோயாளிக்கும் கூட வர்றவங்களுக்கும் எழுதுறது, யாரும் வீட்டுல ஊசி போட்டுக்க இல்ல, அதைச் சொல்லாமலே புரியும்னு நினைக்குறேன், ஆனாலும் சொல்லிடுறேன்.

முதல்ல அந்த ஊசி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குங்க

கழுத்து ரெண்டாவது எலும்புப் பக்கத்துல இருந்து கிளம்பி பிடரி வழியா ஏறி பின்மண்டைத் தோலுக்குப் போற ஒரு நரம்பு இருக்கு, கிரேட்டர் ஆக்ஸிபிட்டல் நெர்வ்னு பேரு, டாக்டருங்க சுருக்கி ஜிஓஎன்னு சொல்வாங்க. வலி நெத்தியிலயும் கண்ணுக்குப் பின்னாடியும் இருக்கும்போது பிடரியில ஏன் ஊசின்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும், நியாயமான சந்தேகம்தான். முகத்துக்கும் நெத்திக்கும் போற டிரைஜெமினல் நரம்போட சேதியும் இந்தப் பிடரி நரம்போட சேதியும் மூளைத்தண்டுலயும் மேல்கழுத்துத் தண்டுவடத்துலயும் ஒரே இடத்துல வந்து சேருது, அதனால பிடரிப் பக்கம் இருந்து வர்ற சேதியை அடக்கினா முன்பக்க வலியும் அடங்க வாய்ப்பிருக்கு.

ஊசியில எப்பவும் இருக்குறது மரத்துப்போக வைக்குற மருந்து, பல்லு புடுங்கும்போது போடுறாங்களே அந்த வகை. லிக்னோகெயின்னா ஒண்ணுலருந்து மூணு மணி நேரம் மரத்திருக்கும், பூபிவகெயின்னா நாலுலருந்து எட்டு மணி நேரம். சில டாக்டர் ரெண்டையும் கலந்து போடுவாங்க. மரப்பு போனாலும் தலைவலி குறைஞ்ச நிலை நாள் கணக்குல, சிலருக்கு வாரக் கணக்குல நீடிக்குது. அந்த நரம்புச் சேதி கொஞ்ச நேரம் நின்னதுல மூளைத்தண்டுல இருக்குற பரபரப்பு தணியுதுன்னு விளக்கம் சொல்றாங்க.

இதுகூட சேர்க்குறதுதான் ஸ்டீராய்டு. மெத்தில்பிரட்னிசோலோன், டிரையாம்சினோலோன், பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், இதுல ஏதாவது ஒண்ணு. மெத்தில்பிரட்னிசோலோன் டெப்போ, அதாவது உடம்புல மெதுவாக் கரையுற வகை, அந்த மருந்துக் குப்பியைக் கையில எடுத்துப் பாத்தா அடியில வெள்ளையாப் பொடி படிஞ்சிருக்கும், குலுக்கினா பால் மாதிரி கலங்கும், சிரிஞ்சுல ஏத்தும்போதும் வெள்ளையாத்தான் தெரியும். மரப்பு மருந்து மட்டும்னா தண்ணியாட்டம் தெளிவா இருக்கும். அதனால சிரிஞ்சு வெள்ளையா இருந்தா பொதுவா ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு அர்த்தம், ஆனா தெளிவா இருந்தா ஸ்டீராய்டு இல்லன்னு நினைச்சுடாதீங்க, டெக்ஸாமெத்தசோன் தெளிவாத்தான் இருக்கும். கேட்டுடுறதுதான் ஒரே வழி.

உங்களுக்கு எந்தத் தலைவலின்னு பேரோட கேட்டு வாங்குங்க

இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், ஏன்னா ஸ்டீராய்டு கேள்விக்கு விடை முக்காவாசி இங்கயே கிடைச்சிடும். "நரம்புத் தலைவலி"ன்னு பொதுவா எழுதிக் கொடுத்தா விடாதீங்க. கிளஸ்டரா, மைக்ரேனா, ஆக்ஸிபிட்டல் நியூரால்ஜியாவா, கழுத்துலருந்து வர்றதான்னு கேளுங்க.

கிளஸ்டர்னா ஸ்டீராய்டுதான் அங்க முக்கிய ஆளு. கிளஸ்டர் தலைவலியை ஒரு தடவை நேர்ல பாத்தவங்களுக்கு மறக்காது. ஒரே பக்கம் கண்ணைச் சுத்தி, 15 நிமிஷத்துலருந்து மூணு மணி நேரம் வரைக்கும், அந்தப் பக்கக் கண்ணு மட்டும் செவந்து தண்ணி கொட்டும், அதே பக்க மூக்கு அடைக்கும், ஆளு படுக்கவே மாட்டாரு, ரூமுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடப்பாரு, சிலர் தலையை சுவத்துல முட்டுவாங்க. தினம் ராத்திரி ஒரே நேரத்துக்கு எழுப்பிவிடும், ஒரு நாளைக்கு எட்டு தடவை வரைக்கும் கூட வரலாம், இப்படி வாரக் கணக்குல ஓடி திடீர்னு நின்னு அடுத்த வருஷம் திரும்ப வரும்.

இவங்களுக்குப் பிடரியில ஸ்டீராய்டு போடுறதுக்கு உருப்படியான ஆதாரம் இருக்கு. 2005ல வெளிவந்த ஒரு ஆய்வுல 23 பேரை ரெண்டாப் பிரிச்சு எல்லாருக்கும் லிக்னோகெயின் போட்டாங்க, ஒரு குரூப்புக்கு அதோட பீட்டாமெத்தசோன், இன்னொரு குரூப்புக்கு உப்புத்தண்ணி. ஸ்டீராய்டு போன 13 பேர்ல 11 பேருக்கு 72 மணி நேரத்துக்குள்ள வலி வர்றதே நின்னுபோச்சு, அதுல எட்டு பேருக்கு நாலு வாரம் வரைக்கும் வரல. உப்புத்தண்ணி போன 10 பேர்ல ஒருத்தருக்குக்கூட அப்படி நிக்கல. லிக்னோகெயின் ரெண்டு குரூப்புக்கும் போயிருக்கு, அப்ப வித்தியாசம் காட்டினது ஸ்டீராய்டுதான்னு தெளிவாத் தெரியுது. அப்புறம் 2011ல பாரிஸ்ல 43 பேரை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு மூணு நாள் இடைவெளியில மூணு ஊசி, ஒரு குரூப்புக்கு கார்ட்டிவசோல்ங்குற ஸ்டீராய்டு, இன்னொரு குரூப்புக்கு உப்புத்தண்ணின்னு போட்டுப் பாத்தாங்க, அதுலயும் ஸ்டீராய்டு குரூப்புல 21 பேர்ல 20 பேருக்கு ஒரு நாளைக்கு வர்ற வலி ரெண்டோ அதுக்குக் கம்மியாவோ ஆயிடுச்சு, இன்னொரு குரூப்புல 22ல 12 பேருக்குத்தான் அப்படி. அமெரிக்கத் தலைவலி சங்கம் 2016ல வெளியிட்ட வழிகாட்டியில கிளஸ்டர் தடுக்குறதுக்கு ஏ கிரேடு ஆதாரம்னு கொடுத்தது பிடரி ஸ்டீராய்டு ஊசி ஒண்ணுக்குத்தான்.

ஒரு விஷயம் புரிஞ்சுக்குங்க, இந்த ஊசி கிளஸ்டர் சீசனை முடிச்சு வைக்காது, இடைக்கால ஏற்பாடு. வெரப்பமில் மாதிரி தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சா டோஸ் ஏத்தி ஏத்தி அது வேலை காட்ட நாளாகும், நடுவுல ஈசிஜி பாத்துக்கிட்டே ஏத்தணும், அந்த இடைவெளியில ஆளு ராத்திரி ராத்திரி சித்ரவதைப்படாம இருக்கத்தான் ஊசி. அதனால ஊசி போட்டு வலி நின்னதும் "சரியாப்போச்சு"ன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க, எங்ககிட்ட இப்படி நிறுத்திட்டு மூணாவது வாரம் கண்ணு செவந்து ஓடி வந்தவங்க உண்டு.

மைக்ரேன்னா கதை வேற. ஒத்தைத் தலைவலி, வாந்தி, வெளிச்சம் சத்தம் ஆகாது, இருட்டு ரூம்ல அசையாம படுத்தாத்தான் நிம்மதி. 2008ல நாள்பட்ட மைக்ரேன்காரங்க 37 பேருக்கு லிக்னோகெயினும் பூபிவகெயினும் போட்டு, பாதிப்பேருக்கு மட்டும் கூடவே டிரையாம்சினோலோன் 40 மில்லிகிராம் சேர்த்தாங்க. ரெண்டு குரூப்புக்கும் வலி குறைஞ்சுது, ஸ்டீராய்டு சேர்த்ததுல கூடுதலா ஒண்ணும் வரல. 2015ல இன்னொரு ஆய்வு, பூபிவகெயினோட மெத்தில்பிரட்னிசோலோன் 20 மில்லிகிராம் கலந்து போட்டவங்களுக்கும் உப்புத்தண்ணியில துளி லிக்னோகெயின் கலந்து போட்டவங்களுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதே வருஷம் துருக்கியில ஸ்டீராய்டே இல்லாம வெறும் பூபிவகெயினை வாரம் ஒரு தடவைன்னு நாலு வாரம் போட்டாங்க, நாள்பட்ட மைக்ரேன்காரங்களுக்குத் தலைவலி நாள்கள் குறைஞ்சுது. ஆக மைக்ரேனுக்கு பிளாக் உதவுற இடத்துலயும் உதவுறது மரப்பு மருந்துதான். அதனால மைக்ரேன்னு எழுதிட்டு ஸ்டீராய்டு கலக்குறோம்னு சொன்னா, "இது இல்லாம போட முடியுமா டாக்டர்"னு கேக்குறது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல, நீங்க கேக்கவேண்டிய கேள்வி. நல்ல டாக்டர் காரணம் சொல்வாங்க, இல்ல சரின்னு விட்டுடுவாங்க.

ஆக்ஸிபிட்டல் நியூரால்ஜியா, அதாவது பிடரியில சுரீர்னு கரண்ட் அடிக்குற மாதிரி மேல ஏறுற வலி, அப்புறம் கழுத்துப் பிரச்சினையால வர்ற தலைவலி, இதுங்களுக்கு ஸ்டீராய்டு கலந்து போடுறது வழக்கத்துல இருக்கு, ஆனா அடிச்சு சொல்ற அளவுக்குப் பெரிய ஆய்வு இல்ல. இங்க என்னோட அபிப்பிராயம், முதல் தடவை மரப்பு மருந்து மட்டும் போட்டுப் பாத்து, வலி நல்லா அடங்கி சீக்கிரம் திரும்பி வந்தா ரெண்டாவது தடவை ஸ்டீராய்டைப் பத்தி யோசிக்கலாம். நிறைய டாக்டருங்க இதுக்கு ஒத்துக்குவாங்க.

ஸ்டீராய்டு யாருக்கு வில்லங்கம்

சுகர் இருக்குறவங்க முதல் வரிசை. நம்ம ஊர்ல இது சின்ன விஷயமே இல்ல, வர்றவங்கள்ல எத்தனையோ பேருக்கு சுகர். டெப்போ ஸ்டீராய்டு போட்டா சில நாளைக்கு, சில பேருக்கு ஒரு வாரம் வரைக்கும் சுகர் எகிறும். ஊசி தலையிலதானே போடுறாங்க உடம்புக்கு என்ன ஆகப்போவுதுன்னு நினைக்காதீங்க, அது ரத்தத்துல போய்ச் சேரத்தான் செய்யும். ஒரு பெரியவர், இன்சுலின் போடுறவரு, கிளஸ்டருக்காக ஸ்டீராய்டு பிளாக் போட்டுட்டுப் போனாரு, அவரு சம்சாரம் நாங்க சொன்னபடி காலையிலயும் ராத்திரியும் சுகர் குத்திப் பாத்து நோட்டுல எழுதி, ஏறினதும் டாக்டருக்கு போன் போட்டு இன்சுலினைக் கூட்டிக்கிட்டாங்க, பிரச்சினையே இல்லாம கடந்துட்டாரு. சுகர் இருந்தா ஸ்டீராய்டே கூடாதுன்னு இல்ல, இப்படி ஏற்பாட்டோட போடணும். சுகர் ஏற்கெனவே கட்டுல இல்லன்னா முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க.

அடுத்தது தோலும் முடியும். ஊசி போட்ட இடத்துல காசு அளவுக்கு முடி கொட்டலாம், தோல் மெலிஞ்சு குழி விழலாம், தோலோட நிறம் வெளுக்கலாம், நம்ம நிறத்துக்கு அந்த வெளுப்பு பளிச்சுன்னு தெரியும். மாசக் கணக்குல மெல்ல சரியாகலாம், குழி சிலருக்கு அப்படியே நின்னுடும். டிரையாம்சினோலோன் போட்டு இப்படி ஆனது மருத்துவ இதழ்கள்லயே பதிவாயிருக்கு. கொண்டை போடுறவங்க, ஒட்ட வெட்டுறவங்க, யாரா இருந்தாலும் இதை முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

அதனாலதான் புருவத்துக்கு மேலயும் நெத்திப்பொட்டுலயும் போடுற பிளாக்குக்கு ஸ்டீராய்டு சேர்க்குறதைத் தவிர்க்கணும். முகத்துல குழி விழுந்தா மறைக்க வழியில்ல. நெத்தியில போடும்போது சிரிஞ்சு வெள்ளையா வந்தா தயங்காம ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்க.

மாசமா இருக்குறவங்க, இருக்கலாம்னு சந்தேகம் உள்ளவங்க கட்டாயம் சொல்லிடுங்க. கர்ப்பத்துல நிறைய தலைவலி மாத்திரை ஆகாதுங்குறதால இந்த பிளாக் உண்மையிலயே அவங்களுக்குப் பெரிய உதவி, ஆனா லிக்னோகெயின் மட்டும் போட்டு. டெக்ஸாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போகும்.

எச்ஐவி மாத்திரை சாப்பிடுறவங்க அதைக் கூச்சப்படாம டாக்டர்கிட்ட தனியாவாவது சொல்லணும். ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் இருக்குற மாத்திரைங்க ஸ்டீராய்டு உடம்புல கரையாம தடுக்கும், ஒரே ஒரு டிரையாம்சினோலோன் ஊசியில முகம் வீங்கி குஷிங் (உடம்புல ஸ்டீராய்டு மிஞ்சிப்போய் வர்ற கோளாறு) ஆகுறதும், உடம்புக்குத் தானா ஸ்டீராய்டு சுரக்குற அட்ரினல் சுரப்பி தூங்கிப்போறதும் நடக்கும். படர்தாமரை மாதிரி பூஞ்சைக்குக் கொடுக்குற இட்ராகோனசோலுக்கும் இதே கதைதான், அதை நிறையப் பேர் மெடிக்கல்ல தானாவே வாங்கி மாசக் கணக்குல சாப்பிடுறாங்க, அதையெல்லாம் மருந்துன்னே சொல்ல மாட்டாங்க, சொல்லுங்க.

எலும்பு தேஞ்சவங்க, கண்ணுல பிரஷர் உள்ளவங்க, டிபி வந்து போனவங்க, இப்ப ஏதாவது காய்ச்சல் இன்ஃபெக்ஷன் இருக்குறவங்க, இவங்களும் முன்கூட்டியே சொல்லிடணும்.

வேற எங்கெல்லாம் ஸ்டீராய்டு போயிருக்குன்னு கணக்கு எடுங்க

இதை யாரும் பண்றதில்ல, எனக்கு இதுதான் ரொம்பக் கவலை. முட்டிக்கு ஒரு எடத்துல ஊசி, தோள்பட்டைக்கு இன்னொரு எடத்துல, குதிகாலுக்கு வேற ஒரு டாக்டர், வீசிங்குக்கு மாத்திரை கோர்ஸ், இப்ப தலைக்கு. ஒவ்வொருத்தரும் அவங்க போட்டது மட்டும்தான் கணக்குன்னு நினைப்பாங்க, உடம்புக்கு எல்லாம் ஒரே கணக்கு. பிடரி ஊசியை அடிக்கடி போட்டே குஷிங் வந்த கேஸும் பதிவாயிருக்கு. மரப்பு மருந்து மட்டும்னா சில வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடலாம், ஸ்டீராய்டு கலந்தா பொதுவா மூணு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேணாம்னுதான் வழிமுறை. கிளஸ்டருக்கு ஆரம்பத்துல அடுத்தடுத்து போடுறது விதிவிலக்கு, அது டாக்டர் பிளான் பண்ணிப் போடுறது.

போன ஒரு வருஷத்துல எந்த மூட்டுக்கு எப்ப ஊசி போட்டீங்கன்னு பழைய சீட்டுங்களை எடுத்து ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வாங்க. வேற ஆபரேஷன் ஏதாவது வரப்போவுதுன்னா அதையும் எழுதுங்க.

ஊசி அன்னிக்கு

முதல் நாளே தலைக்குக் குளிச்சிடுங்க, காலையில எண்ணெய் வைக்காதீங்க, எண்ணெய்த் தலையில ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாலும் சுத்தமாகாது. டாக்டர் வேற மாதிரி சொல்லாட்டி நல்லா சாப்பிட்டுட்டே வாங்க, வெறும் வயித்துல வந்து ஊசியைப் பாத்து மயங்கி விழுறவங்கதான் அதிகம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா நீங்களா நிறுத்தாதீங்க, பிடரி அழுத்திப் பிடிக்குறதுக்கு வசதியான இடம், பெரும்பாலும் மாத்திரையோடவே போட முடியும், ஆனா டாக்டருக்குத் தெரியணும். மண்டையில ஆபரேஷன் ஆகி எலும்பு இல்லாத இடம் இருந்தா அதைக் கையால தொட்டே காட்டிடுங்க, ஏன்னா மண்டையோட்டுல ஓட்டை இருந்தா மருந்து உள்ள இறங்கிடும் ஆபத்து இருக்கு. மரப்பு ஊசி அலர்ஜி முன்ன வந்திருந்தா அதுவும். கூட ஒரு ஆளை அழைச்சிட்டு வாங்க, பைக்கை நீங்க ஓட்டாதீங்க.

உக்காந்து டேபிள்ல நெத்தியை வச்சுக் குனியச் சொல்வாங்க. பின்மண்டை நடுவுல ஒரு மேடு இருக்கும், காதுக்குப் பின்னாடி ஒரு எலும்பு முட்டும், அந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டா மேட்டுலருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல நரம்பு போகும், விரலை வச்சு அழுத்துனா பல பேருக்கு அங்க சுள்ளுன்னு வலிக்கும். பக்கத்துலயே ரத்தக்குழாய் ஓடுது, அதனால மருந்தைத் தள்ளுறதுக்கு முன்னாடி சிரிஞ்சை லேசா பின்னுக்கு இழுத்து ரத்தம் வருதான்னு பாப்பாங்க. வெள்ளையா இருக்குற பொடி ஸ்டீராய்டு குழாய்க்குள்ள போகவே கூடாது, அதுக்காகவும்தான் இந்த இழுத்துப் பாக்குறது. சில எடத்துல ஸ்கேன் வச்சுப் பாத்து கழுத்துல கொஞ்சம் கீழ போடுவாங்க. ஊசி மெல்லிசு, குத்துனதைவிட மருந்து இறங்கும்போது வர்ற அழுத்தம்தான் தெரியும், ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு மில்லிக்குள்ள முடிஞ்சிடும். கொஞ்ச நிமிஷத்துல பின்மண்டை மரக்கட்டை மாதிரி ஆயிடும், அது ஊசி சரியான இடத்துல இறங்கியிருக்குன்னு காட்டுற அடையாளம். ஒரு இருபது நிமிஷம் எழுந்து ஓடாம உக்காந்திருங்க.

உள்ள போகும்போதே "என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், ஸ்டீராய்டு உண்டா, பேரு என்ன"ன்னு கேட்டு சீட்டுல எழுதி வாங்கிடுங்க. "நெர்வ் பிளாக் கிவன்"னு மட்டும் எழுதியிருக்குற சீட்டு அடுத்த டாக்டருக்கு ஒரு உபயோகமும் இல்ல.

வீட்டுக்குப் போனப்புறம்

மரப்பு போற வரைக்கும் பிடரியில சுடுதண்ணி ஒத்தடம், ஹீட்டிங் பேட், ஹேர் டிரையர் எதுவும் வேணாம், சுட்டாலும் தெரியாது. சீப்பு வாரும்போதும் மெதுவா. மரப்பு விட்டதும் ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் நோகும், அது சகஜம். ஸ்டீராய்டு போட்டிருந்தா அது வேலையை ஆரம்பிக்க ஓரிரண்டு நாள் எடுக்கலாம், அன்னிக்கு ராத்திரியே வலி திரும்பி வந்தா ஊசி வீணாப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. சிலருக்கு முகம் சூடா செவக்கும், ராத்திரி தூக்கம் வராது, அது ஓரிரு நாள்ல போயிடும்.

டைரி எழுதுங்க, பெருசா வேணாம், காலண்டர்லயே தேதிக்குப் பக்கத்துல வலி எத்தனை மணி நேரம், பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை, அவ்வளவுதான். ஊசிக்கு முன்னாடி ரெண்டு வாரமும் எழுதியிருந்தா ரொம்ப நல்லது. "கொஞ்சம் பரவால்ல சிஸ்டர்"னு சொன்னா அடுத்த ஊசியில ஸ்டீராய்டு சேர்க்குறதா விடுறதான்னு டாக்டரால எதையும் வச்சு முடிவு பண்ண முடியாது, காலண்டரைக் காட்டினா முடியும்.

சுகர்காரங்க ஒரு வாரத்துக்கு தினம் ரெண்டு தடவை குத்திப் பாருங்க, 300 தாண்டினாலோ தாகம் எடுத்துக்கிட்டே இருந்தாலோ அன்னிக்கே போன் பண்ணுங்க. ஊசி போட்ட இடம் நாளாக நாளாக செவந்து வீங்கி சுட்டா, காய்ச்சல் வந்தா, கழுத்தை மடக்க முடியலன்னா, கை கால் ஒரு பக்கம் இழுத்தாலோ பேச்சு குழறினாலோ, இதுவரைக்கும் வராத மாதிரி இடி விழுந்தாப்ல திடீர்னு தலைவலி வந்தாலோ, கிளினிக் எப்ப திறக்கும்னு காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, போகும்போது அந்த மருந்துப் பேரு எழுதுன சீட்டையும் எடுத்துக்குங்க.